தாளிக்கும் கடுகு, பிழியும் கடுகு

திருநெல்வேலியிலிருந்து வரும் சாளுக்யா எக்ஸ்பிரஸ் தாதரில் வந்து நிற்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் இறங்குகிறார்கள். பைகளில் முறுக்கு இருக்கும். கருவாடு இருக்கும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஒரு பாட்டிலாவது இருக்கும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நல்லெண்ணெய் கிடைக்காமல் இல்லை. ஆனாலும் ஊர் எண்ணெய் என்றால் ஒரு நம்பிக்கை.

உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் மும்பைக்கு வருகிறவர்களும் இப்படித்தான். அவர்கள் டப்பாவில் கடுகு எண்ணெய் கொண்டு வருகிறார்கள். அதை அவர்கள் 'சர்சோன் கா தேல்' என்பார்கள். கிராமத்துக்காரர்கள் 'கடுவா தேல்' என்றும் சொல்வார்கள்.

தாராவியில் இந்த இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே சந்தில் குடியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் கடுகைத் தாளிக்கிறார்கள். அடுத்த வீட்டில் கடுகு எண்ணெயைக் காய்ச்சுகிறார்கள். அந்த நெடி தடுப்பைத் தாண்டி வரும். மூக்கு எரியும். கண்ணில் நீர் வரும். "இதை எப்படித்தான் சாப்பிடுகிறார்களோ!" என்று தமிழ் வீட்டில் பேசிக்கொள்வார்கள். "தலையில் தேய்க்கும் தேங்காய் எண்ணெயைக் குழம்பில் ஊற்றுகிறார்களே!" என்று அந்த வீட்டிலும் பேசிக்கொள்வார்கள்.

நமக்குக் கடுகு தாளிக்கும் பொருள். அவர்களுக்கு அது எண்ணெய் வித்து. நமக்கு எள் எப்படியோ அவர்களுக்குக் கடுகு அப்படி.

கடுகு எண்ணெய் நம் வீட்டுக்குள்ளும் வந்துகொண்டிருக்கிறது. ஊறுகாய் போட வாங்குகிறார்கள். கை கால் வலிக்குத் தேய்க்க வாங்குகிறார்கள். தெருக்கடைப் பண்டங்களில் அது இருக்கிறது. ஆகவே இந்த எண்ணெயைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. எந்த எண்ணெயை வாங்கினாலும் கவனிக்க வேண்டிய சில விஷயங்களை நம் நாடு கடுகு எண்ணெயால்தான் கற்றுக்கொண்டது. அதற்குப் பல உயிர்களை விலையாகக் கொடுத்தது.

கடுகின் குடும்பம்

கடுகை மராத்தியில் 'மோஹரி' என்கிறார்கள். இந்தியில் 'ராயி' என்கிறார்கள். 'சர்சோன்' என்பது அதன் நெருங்கிய உறவு. மஞ்சள் நிறத்திலும் பழுப்பு நிறத்திலும் இருக்கும். வெளிநாடுகளில் விளையும் இன்னொரு உறவுக்கு 'ராப்சீட்' என்று பெயர். இவற்றின் செடிகள் பார்க்க ஒன்றுபோல இருக்கும். எல்லாவற்றிலும் சிறிய மஞ்சள் பூக்கள்தான். முட்டைக்கோஸ், காலிபிளவர், நூக்கல், முள்ளங்கி எல்லாம் இதே குடும்பம்தான். முள்ளங்கியைக் கடித்தால் ஏறும் காரத்துக்கும் கடுகின் காரத்துக்கும் உறவு உண்டு.

அரசு விளைச்சல் கணக்கு எடுக்கும்போது கடுகையும் ராப்சீட்டையும் ஒன்றாகச் சேர்த்தே எண்ணுகிறது. நாட்டிலேயே அதிகமாக விளைவிப்பது ராஜஸ்தான். அக்டோபர், நவம்பரில் விதைப்பார்கள். குளிர்காலம் முழுவதும் வளரும். பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. குளிர் வேண்டிய பயிர் இது. அதனால்தான் நம் தமிழ்நாட்டில் இது பெரிய பயிராக இல்லை. நமக்கு எள்ளும் கடலையும் தேங்காயும் வாய்த்தன.

நூறு கிலோ விதையில் சுமார் 40 கிலோ எண்ணெய் அடங்கியிருக்கும். செக்கில் ஆட்டினால் அத்தனையும் வந்துவிடாது. கொஞ்சம் பிண்ணாக்கில் தங்கிவிடும். வட இந்தியாவில் செக்கை 'கானி' என்கிறார்கள். பாக்கெட்டில் 'கச்சி கானி' என்று எழுதியிருந்தால் அதிகச் சூடு இல்லாமல் ஆட்டிய எண்ணெய் என்று பொருள்.

காரம் எங்கிருந்து வருகிறது?

ஒரு முழுக் கடுகை நாக்கில் வைத்துப் பாருங்கள். காரம் இருக்காது. மென்று பாருங்கள். சிறிது நேரத்தில் மூக்குக்கு ஏறும். ஏன்?

கடுகுக்குள் இரண்டு பொருள்கள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. விதை நசுங்கி ஈரம் பட்டால் இரண்டும் சேரும். அப்போதுதான் காரம் பிறக்கும். கொதிக்கும் எண்ணெயில் முழுக் கடுகைப் போட்டால் அந்தச் சூட்டில் ஒரு பொருள் செயலிழந்துவிடுகிறது. ஆகவே தாளித்த கடுகில் மணம் இருக்கும், காரம் இருக்காது. காலம் காலமாகக் கடுகைத் தாளித்தும் கடுகின் காரத்தை நாம் அதிகம் அறியாததற்கு இதுதான் காரணம். ஊறுகாய்க்குக் கடுகைப் பொடித்துப் போடும் ஆந்திரக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

செக்கில் கடுகு நசுங்கும்போது காரம் எண்ணெயில் இறங்குகிறது. சமைப்பவர்கள் முதலில் எண்ணெயை லேசாகப் புகை வரும்வரை காய்ச்சுவார்கள். நெடி குறையும். பிறகுதான் மற்றதைப் போடுவார்கள். வங்காளிகள் மீன் குழம்பு வைப்பதும், பீகாரிகள் உருளைக்கிழங்கு மசிப்பதும், காஷ்மீரிகள் கறி சமைப்பதும் இந்த எண்ணெயில்தான். மசித்த உருளைக்கிழங்கில் மட்டும் காய்ச்சாத பச்சை எண்ணெயை ஊற்றிப் பிசைவார்கள். அந்தக் காரம்தான் அதற்கு ருசி.

இன்னும் என்னென்ன பயன்?

ஊறுகாயின் மேல் ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் நிற்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எண்ணெய் காற்றை உள்ளே விடாது. காற்று இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்காது. நாம் இதை நல்லெண்ணெயில் செய்கிறோம். வடக்கே கடுகு எண்ணெயில் செய்கிறார்கள்.

உடம்பில் தேய்த்துக் குளிப்பதும் உண்டு. பெரியவர்களுக்குச் சூடு பறக்கத் தேய்த்தால் இதமாக இருக்கும். ஆனால் பச்சைக் குழந்தைக்குக் கடுகு எண்ணெய் வேண்டாம். பிறந்த குழந்தையின் தோல் மிக மெல்லியது. கடுகு எண்ணெயின் காரம் அந்தத் தோலைப் புண்படுத்தக்கூடும். நம் தேங்காய் எண்ணெயே போதும்.

பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. வயலுக்கு உரமாகவும் போகிறது.

மண்ணெண்ணெய் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் தெருவிளக்குக்கும் வீட்டு விளக்குக்கும் ராப்சீட் எண்ணெய் ஊற்றினார்கள். கடலில் கப்பல்களுக்கு வழி காட்டும் கலங்கரை விளக்கங்களிலும் அது எரிந்தது. பிறகு நீராவி இயந்திரங்கள் வந்தன. தண்ணீரும் ஆவியும் படும் இடத்தில் சாதாரண மசகு எண்ணெய் கழுவிக்கொண்டு போய்விடும். ராப்சீட் எண்ணெய் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் இயந்திரங்களுக்கு இந்த எண்ணெய் நிறையத் தேவைப்பட்டது. அதற்காகவே கனடா நாட்டில் ராப்சீட் சாகுபடி பெருகியது. இன்று ஐரோப்பாவில் இதிலிருந்து வண்டிகளுக்கு டீசலும் தயாரிக்கிறார்கள்.

போர் முடிந்தது. கப்பல்களுக்கு அந்த எண்ணெய் தேவைப்படவில்லை. அத்தனை எண்ணெயையும் என்ன செய்வது? சமையலுக்கு விற்கலாம் என்று நினைத்தார்கள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. கடுகு எண்ணெயிலும் பழைய ராப்சீட் எண்ணெயிலும் 'எருசிக் அமிலம்' என்ற கொழுப்பு அதிகம். நம் நாட்டுக் கடுகு எண்ணெயில் அது சுமார் பாதிப் பங்கு இருக்கும். எலிகளுக்கு இதை நிறையக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் இதயத்தில் கொழுப்பு சேர்ந்தது. மனிதர்களுக்கு அப்படி ஆகிறது என்று நிரூபணம் இல்லை. வங்காளத்தில் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் அமெரிக்கா சமையலுக்குக் கடுகு எண்ணெயை அனுமதிப்பதில்லை. அங்கே இந்தியக் கடைகளில் விற்கும் பாட்டிலில் 'உடம்பில் தேய்க்க மட்டும்' என்று அச்சடித்திருக்கும். வாங்குபவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்!

கனடா நாட்டு விஞ்ஞானிகள் ஸ்டெபான்சன், டவுனி என்ற இருவரும் அவர்களுடன் வேலை செய்தவர்களும் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். எருசிக் அமிலமும் காரமும் மிகக் குறைவாக உள்ள புது ரகத்தை உண்டாக்கினார்கள். அப்படிப்பட்ட முதல் ரகம் 1974-ல் வந்தது. 1978-ல் அதற்குக் 'கனோலா' என்று பெயர் வைத்தார்கள். இன்று மும்பையின் பெரிய கடைகளில் கனோலா எண்ணெய் என்று விலை அதிகமாக விற்கிறதே, அது இதுதான். நம் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இப்படிப்பட்ட கடுகு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. 'பூசா கடுகு 31' அதில் ஒன்று.

1998-ல் டெல்லியில் நடந்தது

இதுவரை சொன்னது விதையைப் பற்றியது. விதையில் சேரக்கூடாதது சேர்ந்தால் என்ன ஆகும்?

1998-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். டெல்லி மருத்துவமனைகளுக்குக் கால் வீங்கிய நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் இருவர் அல்ல; குடும்பம் குடும்பமாக வந்தார்கள். முதலில் வாந்தியும் பேதியும். பிறகு இரண்டு கால்களிலும் வீக்கம். வீங்கிய இடம் சிவந்திருந்தது. தொட்டால் வலித்தது. சிலருக்கு மூச்சு வாங்கியது. இதயம் தளர்ந்து சிலர் இறந்தார்கள். அந்த ஒரு சமயத்தில் 3,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 60 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

ஒரே வீட்டில் எல்லோருக்கும் வந்ததால் தொற்றுநோயோ என்று பயம் பரவியது. அது தொற்றுநோய் இல்லை. எல்லோரும் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். அந்தச் சட்டியில் ஊற்றிய கடுகு எண்ணெயில் வேறு ஒரு விதையின் எண்ணெய் கலந்திருந்தது.

அது எந்த விதை? நம் ஊரில் பிரமதண்டு என்போம். குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வார்கள். மராத்தியில் 'பிவளா தோத்ரா' என்கிறார்கள். தரிசு நிலத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் தானாக முளைக்கும். இலையில் முள் இருக்கும். வெள்ளைக் கோடுகள் இருக்கும். பூ பளிச்சென்ற மஞ்சள். ஒடித்தால் மஞ்சள் பால் வரும். மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த செடி. இந்தியில் இதற்கு 'சத்யாநாசி' என்று பெயர். அடியோடு அழிப்பது என்று அர்த்தம். பெயர் வைத்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

இதன் விதை கடுகைப் போலவே கறுப்பாக, சிறிதாக இருக்கும். கடுகு முற்றும் பருவத்தை ஒட்டியே இதுவும் முற்றும். வயலில் களையாக நின்றால் அறுவடையில் கலந்துவிடலாம். லாபத்துக்காக வேண்டுமென்றே கலப்பவர்களும் உண்டு. காசு கொடுக்காமல் கிடைக்கும் விதை அல்லவா? நூறு பங்கு எண்ணெயில் இது ஒரு பங்கு கலந்தாலே நோய் வரும். சமைக்கும் சூட்டில் இந்த நஞ்சு போய்விடாது.

இது டெல்லிக்குப் புதிதும் இல்லை, நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1877-லேயே கல்கத்தாவில் இந்த வீக்க நோய் பரவியது. அடுத்த ஆண்டு மொரீஷியஸ் தீவில் வந்தது. அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன இந்தியர்களைப் பிடித்தது. அப்போது காரணம் யாருக்கும் தெரியவில்லை. கெட்டுப்போன அரிசி என்றார்கள். ஏதோ கிருமி என்றார்கள். பிரமதண்டு எண்ணெய்தான் குற்றவாளி என்று உறுதியாகத் தெரிய 1930-கள் வரை ஆனது. அதாவது, 1998-ல் டெல்லியில் இறந்தவர்கள் காரணம் தெரியாத நோயால் இறக்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே காரணம் தெரிந்துவிட்ட நோயால் இறந்தார்கள். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஸ்பெயின் நாட்டிலும் இதே கதை

ஏழை நாட்டில்தான் இப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம். ஐரோப்பாவில் ஸ்பெயின் என்று ஒரு நாடு. அங்கே ஆலிவ் எண்ணெய்தான் சமையல் எண்ணெய். அது விலை அதிகம்.

1981 மே மாதம் தலைநகர் மாட்ரிட் அருகே ஒரு சிறுவன் மூச்சுத் திணறி இறந்தான். வயது எட்டு. அவன் வீட்டில் மற்றவர்களுக்கும் அதே நோய். பிறகு ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைக்கு வந்தார்கள். முதலில் புதுவகை நிமோனியா என்று நினைத்தார்கள். நோயாளிகள் பெரும்பாலும் உழைக்கும் மக்கள். புறநகரில் வாழ்பவர்கள். அவர்கள் எல்லோரும் ஒன்றைச் செய்திருந்தார்கள். தெருவில் வந்து விற்றவர்களிடம் மலிவாக எண்ணெய் வாங்கியிருந்தார்கள். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன். அதன்மேல் பெயர்ச் சீட்டு கிடையாது.

அதில் இருந்தது ராப்சீட் எண்ணெய். பிரான்ஸ் நாட்டிலிருந்து தொழிற்சாலை உபயோகத்துக்காக வந்தது. யாரும் சாப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக அதில் அனிலின் என்ற ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். வியாபாரிகள் அந்த ரசாயனத்தை எடுக்கப் பார்த்தார்கள். எடுத்துவிட்டோம் என்று நினைத்துச் சமையலுக்கு விற்றார்கள். சுமார் 20,000 பேர் நோயுற்றார்கள். சில ஆண்டுகளுக்குள் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்குக் கை கால் பழையபடி வரவே இல்லை. கடைசியில் அரசு ஒரு காரியம் செய்தது. கேன் எண்ணெயைக் கொண்டு வந்து கொடுத்தால் பதிலுக்கு நல்ல ஆலிவ் எண்ணெய் தருவோம் என்று அறிவித்தது.

டெல்லியில் நஞ்சு வேறு; ஸ்பெயினில் நஞ்சு வேறு. இரண்டு இடத்திலும் ராப்சீட்டோ கடுகோ கெடுதல் செய்யவில்லை. யார் ஆட்டினார்கள், எங்கே அடைத்தார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எண்ணெய்தான் கெடுதல் செய்தது.

அளந்து ஊற்றும் எண்ணெய்

டெல்லிச் சாவுகளுக்குப் பிறகு, 1998 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. சமையல் எண்ணெயை அடைத்து, பெயர்ச் சீட்டு ஒட்டித்தான் விற்க வேண்டும் என்றது. 2011-ல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதையே சொல்கின்றன. ஒருமுறை உபயோகித்த தகர டின்னில் மறுபடி எண்ணெய் அடைப்பதும் தவறு. 2021 ஜூன் 8 முதல் கடுகு எண்ணெயில் வேறு எந்தச் சமையல் எண்ணெயையும் கலக்கக் கூடாது என்றும் விதி வந்தது. அதற்கு முன் ஓரளவு கலந்து விற்க அனுமதி இருந்தது.

சட்டம் இருக்கிறது. ஆனாலும் கடையில் டின்னிலிருந்து அளந்து ஊற்றுவது நின்றுவிடவில்லை. ஏன்? வாங்குபவர் கையில் அன்றைய கூலி மட்டும்தான் இருக்கிறது.

"அண்ணாச்சி, பத்து ரூபாய்க்கு எண்ணெய் ஊத்துங்க."

"பாக்கெட் வாங்கிட்டுப் போங்கம்மா. நல்லாருக்கும்."

"சனிக்கிழமை கூலி வரட்டும் அண்ணாச்சி."

இந்தப் பேச்சு எந்தச் சந்திலும் நடக்கும். இதில் அந்த அம்மாவைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் கணக்குத் தெரியாமல் வாங்கவில்லை. ஆனால் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். பத்து ரூபாய்க்கு 50 கிராம் ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கிலோ 200 ரூபாய் ஆகிறது. அரை கிலோ பாக்கெட் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கிலோ 180 ரூபாய்தான். பல நேரங்களில் சில்லறையாக வாங்குபவர்தான் அதிக விலை கொடுக்கிறார். உங்கள் கடையின் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். அரை கிலோ ஒரே நேரத்தில் வாங்க முடியாவிட்டால் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு பாக்கெட் வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். மாதச் சீட்டுப் போடும் பெண்களுக்கு இது பெரிய காரியம் இல்லை.

பாக்கெட்டை எப்படிப் படிப்பது?

மும்பையில் ஒரு தொல்லை உண்டு. நாம் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டோம். பாக்கெட்டில் இந்தியும் ஆங்கிலமும்தான் இருக்கும். பரவாயில்லை. முக்கியமானவை பெரும்பாலும் எண்களாகத்தான் இருக்கின்றன. எண்ணைப் படிக்க எந்த மொழியும் தடை இல்லை.

முதலில் உரிம எண்ணைத் தேடுங்கள். 14 இலக்கம் இருக்கும். அது இல்லாத பாக்கெட்டை வைத்துவிடுங்கள். அடுத்து அடைத்த தேதி. எவ்வளவு காலத்துக்குள் உபயோகிக்க வேண்டும் என்பதும் பக்கத்தில் இருக்கும். பிறகு அளவு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ எடை இருக்காது. சுமார் 910 கிராம்தான் இருக்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. கடையில் ஒரே உயரத்தில் இரண்டு பாக்கெட் தொங்கும். ஒன்றில் 910 கிராம் இருக்கும். இன்னொன்றில் 750 கிராம்தான் இருக்கும். விலை குறைவு என்று இரண்டாவதை எடுத்தால் நஷ்டம். இப்போது ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி லிட்டருக்கு என்ன விலை என்றும் அச்சடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தச் சிறிய எண்ணைப் பார்த்து ஒப்பிட்டால் கணக்குப் போடும் வேலையும் மிச்சம்.

காரமாக மூக்கில் ஏறினால் சுத்தமான கடுகு எண்ணெய் என்று சிலர் நம்புகிறார்கள். அதை நம்ப வேண்டாம். மலிவான எண்ணெயில் காரமான ரசாயனத்தைச் சேர்த்து நெடி வரவழைக்க முடியும். நிறத்தையும் சாயத்தால் வரவழைக்கலாம். மூக்கும் கண்ணும் இதைக் கண்டுபிடிக்காது. எண்ணெயில் பிரமதண்டு கலந்திருப்பதைப் பரிசோதனைச் சாலையில்தான் சரியாகக் கண்டறிய முடியும். அதற்கு நைட்ரிக் அமிலம் வேண்டும். அது கையைச் சுட்டுவிடும். வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது.

ஆனால் தாளிக்க வாங்கும் கடுகை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கைப்பிடி கடுகை வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். நல்ல கடுகு வழவழப்பாக இருக்கும். நசுக்கினால் உள்ளே மஞ்சளாக இருக்கும். பிரமதண்டு விதையின் மேல்தோல் சொரசொரப்பாக இருக்கும். நசுக்கினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். விதை மிகச் சிறியது.

சந்தேகம் வந்தால்

மகாராஷ்டிராவில் இதைக் கவனிப்பது உணவு மற்றும் மருந்து நிர்வாகம். அதன் அலுவலகம் பாந்த்ரா - குர்லா வளாகத்தில் இருக்கிறது. தாராவிக்குப் பக்கம்தான். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம். அது நாடு முழுவதற்குமான நுகர்வோர் உதவி எண்.

வாங்கியவரே எண்ணெயைப் பரிசோதனைக்குக் கொடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. கட்டணம் கட்ட வேண்டும். கலப்படம் என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் 'இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்' என்று சொல்லிவிட வேண்டும் என்பது விதி. கடன் சொல்லி வாங்கும் கடையில் இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும். தனியாகப் போகாமல் நாலைந்து பெண்கள் சேர்ந்து போவது நல்லது. ரசீது கேட்டு வாங்குவதும் நல்லது.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் கால் வீங்கினால் அதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். ஒரே அடுப்பில் சாப்பிடும் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் வாந்தி பேதியும் கால் வீக்கமும் வந்தால் எண்ணெயைச் சந்தேகிக்க வேண்டும். அன்றே அந்த எண்ணெயை நிறுத்துங்கள். அரசு மருத்துவமனைக்கு எல்லோரையும் அழைத்துப் போங்கள். தாராவிக்காரர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி பக்கம். பிரமதண்டு நஞ்சை முறிக்கத் தனி மருந்து கிடையாது. எண்ணெயை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு சீக்கிரம் குணமாகும். மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மீதி எண்ணெயைப் பயத்தில் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். அதே பாட்டிலில் மூடி, எந்தக் கடையில் எந்தத் தேதியில் வாங்கியது என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். பாக்கெட் உறை இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். டாக்டரிடம் இரண்டையும் காட்டுங்கள். பக்கத்து வீட்டாரும் அதே எண்ணெயை வாங்கியிருந்தால் அன்று மாலைக்குள் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.